காக்கா வாய் வைக்கும்வரை

வல்லம்
18.6.91

அன்புள்ள அண்ணிக்கு,

காவேரி எழுதுகிறேன். உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் உடம்பு சுகம்தானே? நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவைப் பற்றித் தனியாக எழுதவேண்டும் என்பதால் அவரை இந்த வரியில் சேர்க்கவில்லை.

நீங்கள் மே மாதம் போட்ட கடிதம் ஜூன் பிறந்துதான் கைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு பல நாள் இங்கே பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை. கம்பெனிக்கு நடந்து போனால் போலீஸ் நிறுத்திப் பெயர் கேட்டது. எனக்கு நாக்கு எழவில்லை. அடையாள அட்டையை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அப்பாவுக்கு அப்போதுதான் இழுப்பு அதிகமானது. ஏரிக்கரை ஏறும்போது நடுவில் நின்று எதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. மூச்சுக்காக நிற்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. அண்ணன் லாரியில் அடிபட்டுப் போனதிலிருந்து அவர் எங்கே நின்றாலும் துக்கத்தில் நிற்கிறார் என்றே நினைத்துவிட்டேன்.

தாம்பரம் நெஞ்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். அப்பா கண் பிதுங்க ஊதினார். அதிலிருந்த முள் பாதிகூட நகரவில்லை. டி.பி. இல்லை என்று டாக்டர் சொன்னதும் அம்மா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர், "அவசரப்படாதீங்கம்மா" என்றார். உள்ளே போகிற காற்று வெளியே வரமுடியாமல் நுரையீரல் உப்பிப்போய்விட்டதாம். நாற்பது வருஷப் பீடி.

"போனது திரும்பாது பெரியவரே. இன்னிக்கே பீடிய விட்டா மிச்சம் இருக்கறத வச்சு பல வருஷம் ஓட்டலாம். விடலைன்னா அடுத்த பொங்கலே சந்தேகம்தான்."

"வுட்டுட்டா முன்ன மாதிரி ஏர் புடிப்பனா டாக்டரு?"

"பிடிக்க மாட்டீங்க. வரப்புல உக்காந்து மத்தவங்க பிடிக்கறதப் பாக்கலாம்."

அப்பா சிரித்தார். வெளியே வந்ததும் மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து பஸ் ஸ்டாண்டில் இருந்த ஒரு கிழவரிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கிழவருக்கும் நெஞ்சு இருக்குமே என்று நினைத்தேன்.

டாக்டரிடம் கேட்க நினைத்தது எதையும் நான் கேட்கவில்லை. பேச வராததெல்லாம் உங்களுக்கு எழுத வருகிறது. பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
காவேரி


குடியாத்தம்
28.6.91

அன்பு காவேரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நானும் அம்மாவும் சுகம். எனக்குச் சளி மாதிரி இருக்கிறது, புகையிலைத் தூள் நெடி, வேறொன்றுமில்லை. மே மாதம் ரேடியோவில் உங்கள் ஊர்ப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் பீடி முறத்தைத் தொடவில்லை.

மாமா பீடியை விட்டது நல்லது. சுக்கும் ஓமமும் வறுத்து ஒரு டப்பாவில் போட்டுக் கையில் கொடு. கை சும்மா இருந்தால்தான் ஆசை வரும் என்று எங்கள் தெருவில் விட்டவர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவில் விட்டவர்கள் இரண்டொருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் சுற்றுகிறவர்கள்.

நான் சுற்றுகிற கட்டு எந்த ஊருக்குப் போகிறது, யார் நெஞ்சுக்குப் போகிறது என்று நினைத்ததில்லை. நினைத்தால் விரல் ஓடாது.

முழுசாக விட்டுவிட்டாரா? அமாவாசைப் படையல் தவறாமல் நடக்கிறதா? அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கனகம்


வல்லம்
20.7.91

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சளி விட்டதா? அம்மா நலம். அப்பா முன்னைவிட அதிகமாக இருமுகிறார். விட்ட புதிதில் அப்படித்தான் இருக்கும், உள்ளே தங்கினது வெளியே வருகிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஊருக்கு அது தெரியுமா? வடகால் கிராமத்திலிருந்து வருகிற அப்பாவின் பங்காளி தினமும் வாசலில் நின்று, "இன்னா தாண்டவராயா, பீடி குடிச்சிக்கினு இருந்தப்போ நல்லாதான இருந்த. வுட்டு இருமறதுக்குக் குடிச்சிட்டே சாவலாம்ல?" என்று கேட்டுவிட்டு, தான் ஒன்றைப் பற்றவைத்துக்கொள்கிறார்.

அப்பா ஓம டப்பாவைத் திறந்து காட்டி, "எங்க மருமவ சொன்ன மருந்து, நீயும் ரெண்டு போட்டுக்கோ" என்றார்.

ஆனாலும் அவர் கை தானாக மடிக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வேட்டியை இறுக்கிக் கட்டுவதுபோல் நடிக்கிறார். அதை நான் பார்க்காததுபோல் நடிக்கிறேன்.

அண்ணி, ஒன்று கேட்கவேண்டும். போன வாரம் அமாவாசை. நான் கம்பெனி விட்டு வரும்போது படையல் எல்லாம் முடிந்து இலையை எடுத்துவிட்டிருந்தார்கள். கூடத்தில் கால் வைத்ததும் பீடி வாசனை. தெருவிலிருந்து வந்தது இல்லை. அண்ணன் படத்துக்குக் கிட்டே போகப் போக அதிகமாக இருந்தது. மாலையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். சாமந்திப்பூவில் பீடி வாசனை.

"யாருமா பீடி புடிச்சது?"

"ஊதுவத்திடி."

அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறவர் மூச்சு இல்லை அது.

அப்பா பொய் சொல்கிறவர் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அப்படியானால் அந்த வாசனை யாருடையது? கம்பெனியில் கணக்கு எழுதும்போது அதையே நினைத்து ஒரு பக்கம் முழுக்கத் தப்பாக எழுதிவிட்டேன். எழுதுங்கள்.

காவேரி


குடியாத்தம்
6.8.91

காவேரிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. நலம்தான். இங்கே ஒரு வாரம் நல்ல மழை, இலை ஈரமாகி வேலை கெட்டுவிட்டது.

வாசனை பற்றி எழுதியிருந்தாய். அதற்கு எனக்குப் பதில் எழுத வரவில்லை. எனக்கு வருகிற கனவை எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் வருகிறார். கம்பெனி சட்டையோடு எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே வருவதில்லை. சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "தீப்பெட்டி வச்சிருக்கியா கனகா?" என்று கேட்கிறார். நான் அடுப்பங்கரைக்கு ஓடி எடுத்துக்கொண்டு வந்தால் கதவு மட்டும் இருக்கிறது. செத்தவர்கள் கனவில் வந்து கேட்டால் கேட்டதைக் கொடுத்துவிடவேண்டும், இல்லையென்றால் அலைவார்கள் என்று அம்மா சொல்கிறாள்.

இதை ஏன் உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. நீ படித்த பெண். சிரித்துவிட்டுப் போ. மாமாவைப் பார்த்துக்கொள்.

கனகம்


வல்லம்
16.8.91

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சிரிக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த மறுநாள்தான் ஆடி அமாவாசை. லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன்.

அம்மா அண்ணன் படத்துக்கு முன்னால் இலை போட்டாள். வடை, பாயசம், வாழைக்காய், சோறு. பிறகு சர்க்கரை டப்பாவிலிருந்து ஒரு பீடிக்கட்டை எடுத்தாள். அப்பா உட்கார்ந்து, அதிலிருந்து ஒன்றை உருவி, வாயில் வைத்துப் பற்றவைத்தார். ஒரு இழுப்பு. இலை ஓரத்தில் வைத்தார். அம்மா சோற்றை எடுத்துக்கொண்டு காக்காவுக்கு வைக்கப் பின்பக்கம் போனாள்.

பீடி சிகரெட் மாதிரி இல்லை, இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அணைகிற மாதிரி இருந்தபோதெல்லாம் அப்பா எடுத்து ஒரு இழுப்பு இழுத்து வைத்தார். காக்கா வாய் வைக்கும்வரை பீடி அணையக்கூடாதாம். அன்றைக்குக் காக்கா சீக்கிரம் வரவில்லை. இரண்டாவது பீடியும் ஆனது. அப்பா முகம் கறுத்துப்போய் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய், "விட்டுட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே நைனா" என்றேன்.

"நான் வுட்டுட்டேம்மா. இது எனுக்கு இல்ல. அவனுக்கு."

"பத்த வைக்காம வச்சா என்ன?"

அதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். "தீயில்லாம வச்சா அவன் யாருகிட்டப் போயி தீப்பெட்டி கேப்பான்?"

அண்ணி, உங்கள் கனவை நான் இவர்களிடம் சொல்லவில்லை. அம்மா வாயில் தீப்பெட்டி எப்படி வந்தது?

விளக்கில் காட்டிப் பற்றவைத்துப் பார்த்தேன். நுனி கருகி அணைந்துவிட்டது. வேறு ஆண்பிள்ளை யாரையாவது கூப்பிடலாம் என்றால், வீட்டு ஆள்தான் வைக்கவேண்டுமாம், பெண்பிள்ளை வாயில் வைக்கக்கூடாதாம். இந்த வீட்டில் இப்போது ஆண்பிள்ளை என்றால் அவர் ஒருவர்தான்.

அந்தக் கட்டை எடுத்துப் பார்த்தேன். லேபிள் இல்லை. ஒவ்வொரு பீடியின் வாயையும் நகத்தால் அழுத்தி மடித்திருந்தது. அப்படி மடிக்கிற கையை நான் இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அது உங்கள் கை. நீங்களா அனுப்புகிறீர்கள்?

காவேரி


குடியாத்தம்
11.9.91

காவேரிக்கு,

அத்தை, மாமா, நீ எல்லாரும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு இத்தனை நாளும் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

ஆமாம், நான்தான். எங்கள் தெருக் கோதண்டம் அண்ணன் மெட்ராஸுக்குத் தோல் ஏற்றும் லாரியில் கிளீனர். மாதம் ஒரு கட்டு அவரிடம் கொடுப்பேன். ஸ்ரீபெரும்புதூர் டீக்கடையில் வைத்துவிட்டுப் போவார். மாமா போய் வாங்கிக்கொள்வார்.

காரியம் முடிந்து நான் இங்கே கிளம்பின அன்றைக்கு மாமாவிடம் கேட்டேன். "அவருக்கு நான் சுத்தறதுதான் மாமா பிடிக்கும். நான் அனுப்பறேன், இலையில வைங்க." மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அனுப்பும்மா" என்றார். புருஷன் போன பிறகு அந்த வீட்டு இலையில் என் கையால் வைக்க எனக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்.

உயிரோடு இருந்தவரை உங்கள் அண்ணன் அப்பா எதிரில் பீடியைக் கையால் தொட்டதில்லை. கிணற்றடிக்குப் போய்க் குடிப்பார். நான் குடத்தோடு காவல் நிற்பேன். மாமா தலை தெரிந்தால் குடத்தைத் தட்டுவேன். அவர் காலில் போட்டு மிதித்துவிட்டு வாளியை இறைக்கிற மாதிரி நிற்பார். வாளியில் கயிறே இருக்காது.

ஜூனில் நீ எழுதியபோதே நிறுத்தியிருக்கலாம். ஒரு பீடிதானே, அதுவும் மாமாவுக்கு இல்லையே, இலையில்தானே வைக்கிறார் என்று நினைத்தேன். பற்றவைக்க இழுக்கவேண்டும், அணையாமல் இருக்க இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாவாடை கட்டின நாளிலிருந்து பீடி சுற்றுகிறேன் காவேரி. ஒரு பீடியைக்கூட நான் பற்றவைத்தது இல்லை.

நிறுத்திவிடு என்று சொல்கிறாயா? உன் வாயால் சொல். நிறுத்துகிறேன்.

கனகம்


வல்லம்
19.9.91

அண்ணிக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். உங்கள் கடிதம் வந்தபோது அப்பா தாம்பரத்தில் படுத்திருந்தார்.

அமாவாசையன்று காலையிலிருந்து மழை. காக்கா வரவே இல்லை. நான் கம்பெனியில் இருந்தேன். அம்மா மழையில் நனைந்துகொண்டு கா கா என்று கூப்பிட்டிருக்கிறாள். அப்பா உள்ளே ஒன்று மாற்றி ஒன்றாகப் பற்றவைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் வந்தபோது கூடத்தில் ஆள் முகம் தெரியாத புகை. அப்பா உதட்டைக் குவித்துக்கொண்டு மீன் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. பேச்சு வரவில்லை. படத்தைக் கையால் காட்டினார். அணைந்துவிடப் போகிறது, பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

காய்கறி ஏற்றி வந்த வேனில் போட்டுக்கொண்டு போனோம். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். டாக்டர் என்னிடம், "பெரியவர் திரும்ப ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆமாம் என்றும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இன்னொரு தடவை இப்படி வந்தால் திரும்பக் கூட்டிப்போக முடியாது என்று சொல்லிவிட்டார்.

நிறுத்திவிடுங்கள் அண்ணி. அண்ணன் போய்விட்டார். அப்பா இருக்கிறார்.

காவேரி


குடியாத்தம்
30.9.91

காவேரிக்கு,

நிறுத்திவிட்டேன். கோதண்டம் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். மாமா வீட்டுக்கு வந்துவிட்டாரா?

உங்கள் அண்ணன் தினமும் கனவில் வருகிறார். இப்போது தீப்பெட்டி கேட்பதில்லை. "நைனாவுக்கு என்னா ஆச்சு, நீ ஏன் குடத்தத் தட்டல?" என்று கேட்கிறார்.

கனகம்


வல்லம்
14.10.91

அன்புள்ள அண்ணிக்கு,

அப்பா வீட்டில் இருக்கிறார். வாயில் வைத்து அழுத்துகிற மருந்துக் குழாய் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தலையணை அடுக்கி, சாய்ந்தபடிதான் தூக்கம். உங்கள் கடிதத்தை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. மூன்று முறை நான் படித்தேன்.

மகாளய அமாவாசைக்கு என்ன செய்வது என்று வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. இனி புதுக் கட்டு வராது, அதனால் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். சர்க்கரை டப்பாவில் பழையதில் மிச்சம் இருப்பதை அம்மா எனக்குச் சொல்லவில்லை.

இலை போட்டதும் அப்பா கையை நீட்டினார். "எட்றி."

"வேணாங்க. இந்த ஒரு தபா அவன் பொறுத்துக்குவான்."

"வருசத்துக்கொரு அமாவாசடி இது. எல்லாரு வூட்லயும் வந்து குந்தியிருப்பாங்க. நம்ம புள்ள மட்டும் வாசல்ல நிக்கணுமா? எட்றின்றேன்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சுக்காக நான்கு இடத்தில் நிறுத்தினார். அம்மா அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள். அவர் பீடியை வாய்க்குக் கொண்டுபோனார். தீப்பெட்டியைத் திறந்தார்.

அண்ணி, நான் போய் அவர் கையிலிருந்து அதை வாங்கி என் வாயில் வைத்துக்கொண்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. கம்பெனியில் நாலு பேர் எதிரில் தண்ணீர் குடிக்கக் கூச்சப்படுகிறவள் நான். நீங்கள் மடித்த மடிப்பு நாக்கில் தெரிந்தது. கசப்பு. குச்சியைக் கிழித்து இழுத்தேன். தொண்டையில் யாரோ துணியைத் திணித்த மாதிரி அடைத்துக்கொண்டது. அது அணைந்துவிட்டது. இன்னொரு குச்சி கிழித்தேன். இருமி இருமிக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. அப்பாவுக்கு எல்லா நேரமும் இப்படித்தான் இருக்கிறதா என்று அப்போதுதான் நினைத்தேன். மூன்றாவது குச்சியில் பற்றிக்கொண்டது. இலை ஓரத்தில் வைத்தேன். அணைகிற மாதிரி இருந்தது. திரும்ப எடுத்து வாயில் வைத்தேன்.

நிமிர்ந்தபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி இல்லை.

"குடு அத."

கொடுத்தேன். இழுக்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் பீடியையும் அந்தக் கட்டையும் படையல் தண்ணீர்ச் சொம்புக்குள் போட்டார். பிறகு அண்ணன் படத்தைப் பார்த்துப் பேசினார். எழுதுவதுபோல் தொடர்ச்சியாக இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்குக் காத்திருந்து பேசினார்.

"டேய் லோகேசு. பாத்துக்கினியாடா? உன் தங்கச்சி. பி.எஸ்சி. படிச்ச பொண்ணு. வாயில வச்சிக்கினா. நீ கெணத்தாண்ட குடிச்சதெல்லாம் எனுக்குத் தெரியும்டா. தெரியாத மாதிரி ஒரு கனப்பு கனச்சிட்டுத்தான் அந்தப் பக்கம் வருவேன். அப்பவே அறைஞ்சிருக்கணும். அறையல. நானும் குடிக்கிறவன், எந்த மூஞ்ச வச்சிக்கினு அறைவேன்? இப்ப நான் வுட்டுட்டேன். உனுக்காகத்தான் தொட்டேன். இனி தொடமாட்டேன். நீயும் வுட்று. நைனா சொல்றேன். வுட்று."

அம்மா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். காக்கா வந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அன்று முழுவதும் வாயைக் கொப்பளித்தும் அந்தக் கசப்பு போகவில்லை. கோபமாக எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள்.

காவேரி


குடியாத்தம்
19.11.91

அன்பு காவேரிக்கு,

தீபாவளிக்கு எழுதவில்லை, நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா உடம்பு எப்படி? பனிக்காலம், காதுக்குத் துணி கட்டச் சொல். எனக்கு இருமல் இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாமா பேசினதைப் படிக்கும்போது அம்மா எழுந்துபோய்விட்டாள்.

அந்த அமாவாசையிலிருந்து உங்கள் அண்ணன் கனவில் வருவதில்லை. ஒரு நாள்கூட வரவில்லை. கதவு கனவில் வருகிறது, கதவுக்கு வெளியே யாரும் இல்லை. இருந்த வரைக்கும் அப்பா பேச்சில் ஒன்றைக்கூடக் கேட்காத மனுஷன், போன பிறகு இப்படிச் சொன்னதும் கேட்டுக்கொண்டுவிட்டார்.

நல்லதுதான். அலையாமல் இருக்கட்டும். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் காவேரி, அவர் வந்து கேட்டபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்து அழுவேன். காலையில் அந்த முகம் கண்ணில் இருக்கும், அதை வைத்துக்கொண்டு அன்றைய வேலையைச் செய்துவிடுவேன். இப்போது நன்றாகத் தூங்குகிறேன். விடிந்து எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று இருக்கிறது.

இதை மாமாவிடம் சொல்லாதே. அவர் உயிர் பெரிது. எனக்குத் தெரியும்.

கனகம்


வல்லம்
9.12.91

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா நலம். நான் நலம். இந்த முறை அப்பாவையும் இந்த வரியிலேயே சேர்த்து எழுதலாம் என்று நினைத்தேன். நலம் என்று எழுத முடியாது, முன்னைவிட மோசமில்லை என்று எழுதலாம். குளித்துவிட்டு வந்தால் உட்கார்ந்து இளைப்பாறித்தான் வேட்டி கட்டுகிறார். ஏரிக்கரை இனி இல்லை. பின்பக்கம் வரை நடக்கிறார். பங்காளி வந்தால், "தெருவுல நின்னு பேசுடா, உன் பொகை எனுக்கு ஆவாது" என்கிறார். அவரும் அணைத்துவிட்டு வருகிறார். பொங்கலுக்கு வரச் சொல்லி டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்தார், "நான் இருக்கறனான்னு வந்து பாத்துட்டுப் போங்க" என்று.

நீங்கள் "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவும் ஏரிக்கரையில் நின்றுகொண்டு அதையேதான் சொல்வார். கோதண்டம் அண்ணன் லாரியிலாவது ஏறி ஒரு நாள் வாருங்கள். தாம்பரத்தில் எந்த ஜன்னலில் சீட்டு வாங்கவேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். டாக்டரிடம் நானே பேசுகிறேன்.

மற்றதையும் எழுதுகிறேன். நீங்கள் மாமாவிடம் சொல்லாதே என்றதை நான் சொல்லவில்லை.

மூன்று நாளைக்கு முன் அமாவாசை. தீபாவளி அமாவாசைக்கு அப்பாவுக்கு முடியாததால் இலை போடவில்லை. இப்போதுதான் பீடி இல்லாமல் முதல் முதலாக இலை போட்டோம். அம்மா பழக்கத்தில் இலை ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் பரிமாறினாள். அப்பா கும்பிட்டார். காக்கா சீக்கிரமே வந்துவிட்டது. பிறகு நாங்கள் மூவரும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தோம்.

நான் சோற்றில் கை வைத்தபோது அந்த வாசனை வந்தது.

அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். எழுந்துபோய்ப் பின்பக்கம் பார்த்தேன், தெருவைப் பார்த்தேன். பட்டப்பகல், ஒரு ஆள் இல்லை. திரும்பி வந்தபோது கூடத்தில் இன்னும் அதிகமாக இருந்தது. கடைப் பீடி வாசனை இல்லை அண்ணி. நான் வாயில் வைத்துப் பார்த்தவள், எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இருமல் கிளம்பியது. மருந்துக் குழாயை வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டைக் குவித்து மெதுவாக விட்டார். அவர் எழுந்து சர்க்கரை டப்பாவைத் தேடுவார், எல்லாம் திரும்ப ஆரம்பிக்கும் என்று நினைத்தேன். அம்மாவும் அதையே நினைத்திருக்கவேண்டும், அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா எழவில்லை. கண்ணைத் திறந்து, அண்ணன் படத்தைப் பார்க்காமல், அதற்குப் பக்கத்தில், ஆள் நின்றால் முகம் இருக்கிற உயரத்தில் பார்த்தார்.

"வுட மாட்டியா நீ?" என்றார். கோபமே இல்லை. "சரி. வெளில போயி புடிடா. எனுக்கு ஆவாது."

அம்மா எழுந்துபோய்த் தெருக்கதவை அகலத் திறந்து வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் வாசனை குறைந்தது. பிறகு சுத்தமாக இல்லை. அப்பா இலைக்குக் குனிந்து, ஒரு வாய் சோறு, ஒரு மூச்சு, ஒரு வாய் சோறு, ஒரு மூச்சு என்று சாப்பிட்டு முடித்தார்.

அண்ணன் இங்கிருந்து கிளம்பிவிட்டார் அண்ணி. அங்கே வந்தாரா என்று எழுதுங்கள்.

உங்கள்
காவேரி